உயிரிச்சிதைவு எண்ணெய்க்கு ஏற்ற ரப்பர் சீல்: கப்பலுக்கான தேர்வு முறை

ப்ரொப்பெல்லர் தண்டு கடல்நீருக்குள் நுழையும் பின்புறக் குழாயான ஸ்டெர்ன் டியூப், கப்பலைத் திருப்ப உதவும் த்ரஸ்டர், ஆட்டத்தைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் துடுப்பு போன்ற இடங்களில் எண்ணெய்க்கும் கடலுக்கும் நடுவே நிற்பது கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான சீல் மட்டுமே. அமெரிக்காவின் 2013ஆம் ஆண்டுக் கப்பல் பொது அனுமதி விதிகள், தொழில்நுட்ப ரீதியாக இயலாத நிலை தவிர, 79 அடி அல்லது அதற்கு மேல் நீளமுள்ள வணிகக் கப்பல்கள் அந்நாட்டு நீர்ப்பரப்பில் இத்தகைய இடங்களில் உயிரிகளால் எளிதில் சிதையும், சூழலுக்கு இசைவான எண்ணெயையே பயன்படுத்த வேண்டும் என்றன. அதன்பின் பல கப்பல்கள் எண்ணெயை மாற்றின. ஆனால் பெட்ரோலியத்திலிருந்து வரும் கனிம எண்ணெயில் ஆண்டுக்கணக்கில் உழைத்த சீல் புதிய எண்ணெயிலும் அப்படியே உழைக்கும் என்று எண்ணிவிடக் கூடாது.

முதலில் எண்ணெயின் அடிப்படை எது என்பதை அறிய வேண்டும். ‘உயிரிச்சிதைவுறும்’ என்ற முத்திரை, குறிப்பிட்ட நாட்களில் அது எவ்வளவு சிதையும் என்பதைச் சொல்லுமே தவிர, ரப்பரை என்ன செய்யும் என்பதைச் சொல்லாது. தாவர எண்ணெய், செயற்கை எஸ்டர் (அமிலமும் ஆல்கஹாலும் இணைந்து உருவாகும் சேர்மம்), பாலிஆல்கைலீன் கிளைக்கால், பாலிஆல்ஃபாஓலிஃபின் ஆகிய நான்கு குடும்பங்களும் ரப்பரிடம் நான்கு விதமாக நடந்துகொள்கின்றன. செயற்கை எஸ்டர்களுக்குள்ளேயே நிறைவுற்றது, நிறைவுறாதது என்ற வேறுபாடு உண்டு; நிறைவுறாதது எளிதில் ஆக்சிஜனேற்றம் அடையும். எனவே விற்பனைப் பெயரோடு நிற்காமல் அடிப்படை எண்ணெயின் வகையை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

அடுத்தது ரப்பர். நைட்ரைல் ரப்பர் கனிம எண்ணெய்க்குப் பழக்கமான தேர்வு. எஸ்டர் எண்ணெயில் அது ஊதி மென்மையாகலாம், சூடு கூடினால் நாளடைவில் இறுகி விரிசல் விடவும் செய்யலாம். அதன் மூலப்பொருள்களில் ஒன்றான அக்ரிலோநைட்ரைலின் விகிதம் கூடிய வகை குறைவாக ஊதும், ஆனால் குளிரில் வளையும் தன்மையை இழக்கும். ஹைட்ரஜனேற்றிய நைட்ரைல் வெப்பத்தை இன்னும் நன்றாகத் தாங்கும் என்பதால் ஹைட்ராலிக் கருவிகளில் பெரிதும் உதவும். ஈ.பி.டி.எம். எனும் எத்திலீன்-புரொப்பிலீன் வகை ரப்பரை எஸ்டரிலோ பாலிஆல்ஃபாஓலிஃபினிலோ வைக்கவே கூடாது. எஸ்டர் நிரப்பிய ஸ்டெர்ன் டியூபுக்குப் பெரும்பாலும் ஃப்ளூரின் சேர்ந்த ஃப்ளூரோ ரப்பரே பரிந்துரைக்கப்படுகிறது. எனினும் ‘ஃப்ளூரோ ரப்பர்’ என்ற பெயர் மட்டும் போதாது. என் கருத்தில், இந்தத் தேர்வில் மிக அதிகமாகக் கவனிக்கப்படாமல் போகும் இடம் இதுதான்.

காரணம் தண்ணீர். ஸ்டெர்ன் டியூபில் சிறிதளவு கடல்நீர் சேர்வது வழக்கமே. அந்த நீர் எஸ்டரைப் பிளந்து அமிலத்தையும் ஆல்கஹாலையும் உண்டாக்கும். சூடும் நேரமும் கூடக் கூட அமிலத்தன்மை ஏறும். பிஸ்ஃபீனால் என்ற வேதிப்பொருளால் கடினமாக்கிய ஃப்ளூரோ ரப்பரில் கலந்திருக்கும் மக்னீசியம் ஆக்சைடு, கால்சியம் ஹைட்ராக்சைடு போன்ற சேர்மங்கள் நீரோடும் அமிலத்தோடும் வினைபுரியக் கூடியவை என்பதால், அந்தச் சூழலில் ரப்பர் ஊதிப் பலவீனமடையலாம். பெராக்சைடு முறையில் கடினமாக்கிய வகை இதைப் பொதுவாக நன்கு தாங்கும். ஆகவே சீல் தயாரிப்பாளரிடம் கேட்க வேண்டிய கேள்வி “இது ஃப்ளூரோ ரப்பரா?” என்பதன்று, “இந்த இலக்கமுள்ள ரப்பர் கலவையை, இந்தப் பெயருடைய எண்ணெயில், நீர் கலந்த நிலையில், இந்த வெப்பத்தில் சோதித்திருக்கிறீர்களா?” என்பதே.

சோதனை அறிக்கை வந்தால் அதை நிதானமாகப் படியுங்கள். ஐ.எஸ்.ஓ. 1817 அல்லது ஏ.எஸ்.டி.எம். டி471 எனும் தர நிர்ணய முறையில் ரப்பர் துண்டை எண்ணெயில் மூழ்கவைத்து, கன அளவு, கடினத்தன்மை, இழுவலிமை, முறிவு நீட்சி ஆகியவற்றின் மாற்றத்தை அளப்பார்கள். கன அளவு சற்றே கூடுவதைவிடச் சுருங்குவது ஆபத்தானது. சுருங்கினால், தண்டைத் தொட்டு நிற்கும் சீலின் உதடு, தண்டைச் சுற்றியுள்ள லைனர் உறையை விட்டு விலகும். சில நாட்கள் மட்டுமே நடந்த சோதனையில் மெல்ல நிகழும் சிதைவு தெரியாது என்பதால், அளவுகள் ஒரு நிலைக்கு வந்து நின்றுவிட்டனவா, இன்னும் ஏறிக்கொண்டே போகின்றனவா என்று பாருங்கள். உதட்டின் முனையில் உராய்வு வெப்பம் இருப்பதால் அங்குள்ள சூடு டேங்கில் அளக்கும் எண்ணெயின் சூட்டைவிடக் கூடுதலாகவே இருக்கும்; சோதனை வெப்பநிலை அதை ஈடுசெய்திருக்க வேண்டும்.

எண்ணெய் மாற்றும்போது பழைய எண்ணெய் முழுவதையும் வடித்து, தயாரிப்பாளர் சொல்லும் முறையில் உள்ளே அலசி ஃப்ளஷ் செய்ய வேண்டும். பாலிஆல்கைலீன் கிளைக்கால் பொதுவாகக் கனிம எண்ணெயோடு கலக்காது. அதற்கு மாறுவதானால் டேங்கின் உட்புற வண்ணப்பூச்சு தாங்குமா என்பதையும் விசாரியுங்கள். பல ஆண்டுகள் கனிம எண்ணெயில் ஊறிய சீலைப் புது எண்ணெயிலும் தொடர்வதைவிட கப்பலை நீரிலிருந்து எடுத்துப் பழுதுபார்க்கும் ட்ரை டாக்கில் மாற்றிவிடுவதே நலம். பிரதான சீலை மட்டும் மாற்றி, ஓ-ரிங்கையும் குழாய் இணைப்புகளில் உள்ள சிறு சீல்களையும் பழையபடியே விட்டுவிடுவது அடிக்கடி நேரும் தவறு.

கழற்றிய சீலைத் தூக்கி எறியுமுன் வெளிச்சத்தில் பாருங்கள். உதட்டு முனையில் குறுக்கே ஓடும் மெல்லிய வெடிப்புகள் இறுகலையும், நகம் அழுத்தினால் தடம் அப்படியே நிற்பது மென்மையாகிவிட்டதையும் காட்டும். பின்பகுதி ஊதியிருந்தால், உதட்டைத் தண்டோடு அழுத்திப் பிடிக்கும் வளைய வடிவக் கார்ட்டர் ஸ்பிரிங் தன் பள்ளத்தில் சரியாக அமர்ந்திருக்காது. கப்பல் ஓடும் காலத்தில் எண்ணெய் மாதிரியை முறையாக அனுப்பி, நீரின் அளவையும் அமிலத்தன்மையின் அளவையும் முந்தைய அளவுகளோடு ஒப்பிட்டு வாருங்கள். இரண்டும் சேர்ந்து ஏறினால், கசிவு தென்படாவிட்டாலும் நீர் நுழையும் வழியைத் தேடி, எண்ணெயைப் புதுப்பிப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.