120 வோல்ற்றுச் சாமானும் 230 வோல்ற்று வீடும்: சூட்கேஸ் மூட முதல் ஒரு சின்னக் கணக்கு

கனடா, அமெரிக்க வீடுகளுக்கு வருவது 120 வோல்ற்று, 60 ஹேர்ட்ஸ் (கரண்ட் ஒரு செக்கனுக்கு எத்தனை தடவை அலைகிறது என்ற எண்). இலங்கையில் 230 வோல்ற்று, 50 ஹேர்ட்ஸ். விமான நிலையத்தில் வாங்கும் அடப்டர் பிளக்கின் முள்ளை மட்டும்தான் மாற்றும், வோல்ற்றைத் தொடாது. ஆகவே சாமானைத் திருப்பி, அடியில் இருக்கும் லேபலைப் பாருங்கள். 100–240 என்று இருந்தால் கணக்கே தேவையில்லை. ஃபோன், லாப்டொப் சார்ஜர்கள் அநேகமாக இந்த வகைதான். வெறும் 120 என்று இருந்தால் பேனையை எடுங்கள்.

1500 வாற்று ஹெயார் ட்ரையர் ஒன்று என்று வைப்போம். வலுவை வோல்ற்றால் பிரித்தால் ஓட்டம்: 1500 ÷ 120 = 12.5 அம்பியர். வோல்ற்றை ஓட்டத்தால் பிரித்தால் தடை: 120 ÷ 12.5 = 9.6 ஓம். தடை அந்தக் கம்பிச்சுருளோடு கூட வருவது. ஊர் மாறினாலும் ஏறத்தாழ அதேதான். இனி ஊர்க் கரண்டில் போடுங்கள்: 230 ÷ 9.6 = கிட்டத்தட்ட 24 அம்பியர். 230 × 24 = 5500 வாற்றுக்கு மேல். வோல்ற்று இரண்டு மடங்குகூட ஆகவில்லை, வலு 3.7 மடங்காகிவிட்டது. வோல்ற்றோடு ஓட்டமும் சேர்ந்து ஏறுவதால் வந்த வினை. ட்ரிப் சுவிச் விழுந்தால் அதிர்ஷ்டம். விழாவிட்டால் சுருள் எரியும், பிளாஸ்ரிக் உருகும்.

வோல்ற்றைக் குறைக்கும் ஸ்ரெப்-டவுன் ட்ரான்ஸ்ஃபோமர் கொண்டுபோகலாம்தான். ஆனால் 1500 வாற்றுக்கு 2000 விஏ (வோல்ற்று × அம்பியர்) அளவில் ஒன்று வேண்டும். தூக்கிப் பார்த்தால் ஆசை விட்டுப்போகும். அங்கேயே ஒரு ட்ரையர் வாங்குவது புத்தி. கைக்குள் அடங்கும் மலிவான கொன்வேர்ட்டர்களில் பல, சூடாக்கும் சாமானுக்கு மட்டும் செய்தவை. இலெக்ரோனிக் சாமானை அதில் கொழுவ வேண்டாம். இரண்டுமே 50 ஹேர்ட்ஸை 60 ஆக்காது.

லண்டன், பாரிஸ், சிட்னியில் இருந்து போகிறவர்களுக்கு வோல்ற்றுப் பிரச்சினை இல்லை. அவர்கள் பார்க்க வேண்டியது சுவரில் உள்ள பிளக் பொயின்ற். ஊரில் பழைய வீடுகளில் சின்ன வட்டத் துளை 5 அம்பியர், பெரிய வட்டத் துளை 15 அம்பியர். சதுர முள்ளுக்கானது 13 அம்பியர். 5 அம்பியர் துளை தாங்குவது 230 × 5 = 1150 வாற்று. லண்டன் கேத்தல் 3000 வாற்று, அதாவது 13 அம்பியர். அடப்டர் போட்டு அதைச் சின்னத் துளையில் சொருகினால் தண்ணீர் கொதிக்க முதல் பிளக் கொதிக்கும். துளையைச் சுற்றி மண்ணிறமாக இருந்தால் யாரோ ஏற்கெனவே செய்து பார்த்திருக்கிறார்கள்.

பின்னேரத்தில் சில இடங்களில் வோல்ற்று இறங்கும். 2000 வாற்றுக் கேத்தலின் தடை 230 × 230 ÷ 2000, அதாவது சுமார் 26.5 ஓம். 190 வோல்ற்றில் அதன் வலு 190 × 190 ÷ 26.5, அதாவது சுமார் 1360 வாற்று. தேத்தண்ணீர் பிந்தும், அவ்வளவுதான், கேத்தல் பழுதில்லை. ஃபிரிட்ஜ், தண்ணீர்ப் பம்ப் இந்தக் கணக்குக்கு அடங்காதவை. வோல்ற்று குறைந்தால் மோட்டர் திணறி ஓட்டத்தைக் கூடுதலாக இழுக்கும், சுற்றுக்கம்பி சூடேறிக் கருகும். லைற் மங்கும்போது பம்ப் உறுமினால் உடனே நிறுத்துங்கள்.

லேபல் அழிந்திருந்தால், பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றி, சாமானின் சுவிச்சை மட்டும் ஒன் செய்து, மல்ரிமீற்றரால் இரு முள்ளுக்கிடையே தடையை அளக்கலாம். 230 × 230 ஐ அந்தத் தடையால் பிரித்தால் ஊரில் அது எடுக்கும் வலு வரும். சூடாக்கும் சுருளுக்கு இது கைகொடுக்கும். இழை பல்புக்குச் சரிவராது: 230 வோல்ற்று, 60 வாற்றுப் பல்ப் எரியும்போது 880 ஓம், குளிர்ந்திருக்கையில் அதில் பத்தில் ஒன்றுகூட இராது.