காதலில் பொறுமைக்கு விலங்குகளை உதாரணம் காட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்யாண மேடையில் அன்றில், ரீல்ஸில் பெங்குயின், காதலர் தினப் பேச்சில் அன்னம். விலங்கு நடத்தையைப் படிக்கத் தொடங்கும் மாணவர்களும் இதே உதாரணங்களைத்தான் எடுக்கிறார்கள். இந்தத் துறை எப்போதோ செய்து, திருத்திக்கொண்ட தவறுகளைப் புதிதாக வருகிறவர்கள் மறுபடி செய்கிறார்கள். பறவைக்கு மனித மனசை ஏற்றிப் பேசாதீர்கள் என்பது எல்லோரும் அறிந்த அறிவுரை. அதை விட்டுவிடுகிறேன்.

ஜோடியாக வாழ்ந்தால் உண்மையாக இருக்கும் என்று நம்புவது

1980களில் டிஎன்ஏ சோதனை வந்த பிறகு இந்த நம்பிக்கை உடைந்தது. ஆஸ்திரேலியாவின் சூப்பர்ப் ஃபேரிரென் என்ற சிட்டு ஜோடியாகத்தான் வாழும், குஞ்சுகளையும் சேர்ந்தே வளர்க்கும். ஆனால் குஞ்சுகளில் பாதிக்கு மேல் வேறு ஆணுக்குப் பிறந்தவை. சேர்ந்து குடும்பம் நடத்துவது ஒரு கணக்கு, இணைசேர்வது இன்னொரு கணக்கு.

துரத்துவதைப் பொறுமை என்று சொல்வது

மற்ற தவறுகளால் பேச்சு கெடும், இதனால் ஆட்கள் கெடுகிறார்கள். "பெண் மயில் எத்தனை முறை திரும்பிப் போனாலும் ஆண் மயில் ஆடிக்கொண்டேதானே இருக்கிறது, நீயும் விடாதே" என்று பையன்களுக்குச் சொல்கிறார்கள். நம் சினிமா பல காலமாக இதைத்தான் சொல்லிக்கொடுத்தது, இப்போது அறிவியல் பெயராலும் சொல்கிறார்கள். எத்தனை முறை திருத்தினாலும் இது திரும்ப வருவதுதான் எரிச்சல்.

கிழக்கு ஆஸ்திரேலியாவின் சாட்டின் பவர்பேர்டைப் பாருங்கள். ஆண் பறவை தரையில் குச்சிகளை நட்டு, நடுவில் ஒரு பறவை நிற்குமளவு சந்து விட்டு, இரண்டு சுவர் எழுப்பும். முன்னால் நீலப் பூ, நீல இறகு, கிடைத்தால் நீல பிளாஸ்டிக் மூடி. பெண் சந்துக்குள் நிற்கும், ஆண் வெளியே முன்பக்கம் நின்று இறகைச் சிலிர்த்து, இரைந்து, ஓடி ஆடும். பெண்ணின் பின்பக்கம் வரவேண்டுமானால் சுவரைச் சுற்றி வரவேண்டும். அதற்குள் பிடிக்காத பெண் பறந்துவிடலாம். தப்பிக்க வழியுள்ள இடம் என்பதால்தான் பெண் உள்ளேயே வருகிறது என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

ஆட்டம் மூர்க்கமானால் பெண் மிரளும். விலங்கு நடத்தை ஆய்வாளர் கெயில் பாட்ரிசெல்லியின் குழுவினர் பெண் பறவை உருவில் ரோபோ செய்து, அதை வேண்டுமென்றே மிரள வைத்துப் பார்த்தார்கள். 2002இல் வெளியான முடிவு இது: மிரட்சியைக் கண்டதும் வேகத்தைக் குறைத்த ஆண்களுக்கே இணை அதிகம் கிடைத்தது. ஆண் பறவைக்கு முழு நீல நிறம் வர ஏழு வருஷம் வாக்கில் ஆகும். அதுவரை குச்சி நடவும் ஆடவும் பழகும். அதன் பொறுமையெல்லாம் பழகுவதில் போகிறது, மறுத்த பெண்ணின் பின்னால் அலைவதில் அல்ல.

வற்புறுத்தலும் இயற்கையில் உண்டு, மறைக்க வேண்டாம். மல்லார்ட் வாத்துகளில் ஆண்கள் கூட்டமாகத் துரத்தி, பெண் நீரில் மூழ்கிச் சாவதும் உண்டு. அதற்கு எதிராகவே பெண் வாத்தின் இனப்பெருக்கப் பாதை திருகலாக, முட்டுச்சந்துகளோடு பரிணமித்தது. துரத்தலுக்குப் பரிணாமம் தந்த பதில் காதல் அல்ல, தற்காப்பு.

காத்திருப்பைத் தியாகமாக்குவது

ஆனைமலைக் காடுகளில் பெரிய இருவாச்சிப் பெண் மரப்பொந்துக்குள் புகுந்து, எச்சத்தாலும் பழக்கூழாலும் வாசலை அடைத்துவிடும். மிஞ்சுவது அலகு நுழையும் கீறல். அடைகாக்கும் நாற்பது நாள் வாக்கிலும், அதன்பின் பல வாரங்களும் ஆண் கொண்டுவருவதே சாப்பாடு, பெரும்பாலும் அத்திப்பழம். தொண்டையிலிருந்து ஒவ்வொரு பழமாக எடுத்து ஊட்டும். அருமையான காட்சிதான், ஆனால் தியாகம் அல்ல: உள்ளே வளர்வது இருவரின் குஞ்சு. குஞ்சுக்காக அதிகம் செலவிடும் பாலினம்தான் துணையை நிதானமாகத் தேர்ந்தெடுக்கும் என்று 1972இல் பரிணாம உயிரியலாளர் ராபர்ட் டிரிவர்ஸ் எழுதினார். இங்கே இருவருக்குமே செலவு அதிகம். ஒருவர் மட்டும் வருஷக்கணக்கில் காத்திருக்கும் உறவுக்கு இருவாச்சியைக் காட்டி ஆறுதல் சொல்லாதீர்கள்.

பெங்குயினைக் கல்யாணப் பத்திரிகையில் போடுவது

எம்பரர் பெங்குயின் ஆண் 65 நாள் வாக்கில் பட்டினியாக முட்டையைக் காக்கும். அடுத்த வருஷம் பெரும்பாலும் வேறு துணை.

"இயற்கையே அப்படித்தான்" என்று முடிப்பது

பெண் சிலந்தி ஆணைத் தின்பதும் இயற்கை.

பொருத்தமான உதாரணத்தைத் தேடாமல் விடுவது

உதாரணம் வேண்டுமென்றால் லேசன் ஆல்பட்ராஸ் என்ற கடற்பறவையை எடுங்கள். மூன்று முதல் ஐந்து வயதில் பிறந்த தீவுக்குத் திரும்பி, பல துணைகளோடு சில வருஷம் ஆடிப் பார்க்கும். ஆட்டத்தின் நடுவே எந்தப் பறவையும் விலகிப் போகலாம், பல ஆட்டங்கள் அப்படித்தான் முடிகின்றன. முதல் முட்டை பெரும்பாலும் எட்டு, ஒன்பது வயதில். பிறகு வருஷத்துக்கு ஒரே முட்டை, இருவரும் முறை வைத்து இரண்டு மாதம் அடைகாப்பார்கள். ஹவாயின் ஒவாஹு தீவில் ஆய்வு செய்த ஜோடிகளில் 31 சதவீதம் பெண்ணும் பெண்ணுமாகச் சேர்ந்தவை, இதையும் சேர்த்தே சொல்லுங்கள். பசிபிக் கடலின் மிட்வே தீவில் 1956இல் வளையமிடப்பட்ட 'விஸ்டம்' என்ற பெண் பறவையின் நெடுநாள் துணை சில வருஷங்களாகத் திரும்பவில்லை. 2024 கடைசியில் வேறொரு துணையோடு அது முட்டையிட்டது.