போர்க்கால சீசனை எழுதுகிறீர்களா? நான் விழுந்த பள்ளம் இது

இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து (நீள்வட்டப் பந்தைக் கையில் பிடித்து ஓடுவார்களே, அந்த ஆட்டம்) எனக்குப் பல வருஷத்துப் பைத்தியம். இப்போது புதிதாக எழுதுகிறவர்கள், படித்துப் பார்க்கச் சொல்லிக் கட்டுரைகள் அனுப்புகிறார்கள். போன மாதம் வந்த மூன்றில் இரண்டைத் திறந்ததுமே பகீரென்றது. உள்ளே உட்கார்ந்திருந்தது பழைய நான்தான். உருண்டைப் பந்துப் படம் போடுவது, பந்தோடு எதிரணிக் கோட்டைத் தாண்டி எடுக்கும் டச்டவுனை ‘கோல்’ என்று எழுதுவது எல்லாம் ஒருமுறை சொன்னால் திருந்திவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

கணக்கைப் பார்த்துக் கோச்சுக்கு மாலை போடுவது

பர்டூ பல்கலைக்கழகம், இண்டியானா மாநிலம். 1942-இல் ஒன்பது ஆட்டம் ஆடி ஒன்றே ஒன்றில் ஜெயித்தது. 1943-இல் ஒன்பதுக்கு ஒன்பது. இரண்டு வருஷமும் கோச் அதே எல்மர் பர்னம். இதைப் பார்த்தால் எழுதுகிறவன் கை சும்மா இருக்குமா? ‘ஒரே வருஷத்தில் ஒரு மந்திரம்’ என்று தலைப்பு வைத்து, ஒழுக்கம், உழைப்பு, தன்னம்பிக்கை என்று இரண்டு பக்கத்துக்கு அளந்துவிட்டேன். ஒரு சிறு பத்திரிகையில் அச்சாகியும் வந்தது. இரண்டு வாரம் கழித்து வாசகர் ஒருவரிடமிருந்து கடிதம். ஒரே வரி: “அலெக்ஸ் அகசி 1942-இல் இல்லினாய் அணியில் ஆடியவர் ஆயிற்றே, பர்டூவுக்கு எப்படி வந்தார்?”

அன்று ராத்திரிதான் இரண்டு கல்லூரிகளின் ஆட்டக்காரர் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சிவப்புப் பென்சிலால் கோடு போட ஆரம்பித்தேன். எழுதுவதற்கு முன்னால் செய்திருக்க வேண்டிய வேலை. முன்வரிசையில் முட்டி மோதும் லைன்மேன் அகசி இரண்டு பட்டியலிலும் இருந்தார். பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் ஃபுல்பேக் டோனி பட்கோவிச்சும் இருந்தார்.

நடந்தது இதுதான். 1943 ஜூலை 1-இல் அமெரிக்கக் கடற்படை, கல்லூரிகளுக்குள்ளேயே அதிகாரிகளை உருவாக்கும் வி-12 திட்டத்தைத் தொடங்கியது. மரீன் படைக்காகப் பயிற்சி பெறுகிறவர்களும் அதில் உண்டு. சீருடை போட்ட பையன்கள் கடற்படை அனுப்பிய கல்லூரிக்குப் போனார்கள். போன இடத்து அணியில் ஆடவும் அவர்களுக்கு அனுமதி இருந்தது. இல்லினாய் ஆட்கள் பர்டூவில் வந்து இறங்கியது இப்படித்தான். அந்த வருஷம் பர்டூ இல்லினாயை 40-21 என்று அடித்தது. ‘ஃபைட்டிங் இல்லினாய்’ என்ற பட்டப்பெயருக்குப் பதிலாக ‘காணாமல் போகும் இல்லினாய்’ என்ற கேலிப் பெயரே அந்த அணிக்கு வந்து சேர்ந்தது.

தரைப்படையும் கல்லூரிகளில் ஏ.எஸ்.டி.பி. என்ற பயிற்சித் திட்டம் நடத்தியது; அது நேர் எதிர். அதில் சேர்ந்தவன் கல்லூரி அணியில் ஆடக்கூடாது. எனவே போர்க்கால சீசன் எதையும் தொடும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி: அந்த வளாகத்தில் இருந்தது கடற்படையா, தரைப்படையா? ஓஹையோ ஸ்டேட் 1942-இல் ஏ.பி. செய்தி நிறுவனத்தின் தரவரிசைக் கணிப்பில் நாட்டுக்கே முதலிடம். 1943-இல் தரைப்படைத் திட்டமே மிஞ்ச, முகத்தில் மீசை அரும்பாத பையன்களை வைத்து ஆடி மூன்று வெற்றி, ஆறு தோல்வி. அணியின் பட்டப்பெயர் பக்கைஸ்; இவர்களை ‘பேபி பக்ஸ்’ என்றார்கள். கோச் இரண்டு வருஷமும் பால் பிரவுன்தான். மனுஷன் ஒரே வருஷத்தில் ஆட்டத்தை மறந்துவிட்டாரா என்ன?

இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. போன மாதம் வந்த கட்டுரையிலும் ‘விஸ்கான்சின்: 1942-இல் 8-1-1 (வெற்றி-தோல்வி-டிரா), 1943-இல் 1-9, மன உறுதி குலைந்ததன் விளைவு’. மன உறுதி குலையவில்லை ஐயா. விஸ்கான்சினின் நட்சத்திரம் எல்ராய் ஹிர்ஷ் மிச்சிகனில் ஆடிக்கொண்டிருந்தார்!

பட்கோவிச் 1945 ஏப்ரலில் ஒகினாவாவில் செத்துப்போனார். அகசி போரிலிருந்து திரும்பி, மறுபடி இல்லினாய் சட்டையைப் போட்டு 1946-இல் ஆல்-அமெரிக்கன், அதாவது நாட்டின் தலைசிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவர் ஆனார். என் கட்டுரையில் இருவரும் ‘பர்னம் செதுக்கிய சிற்பங்கள்’. அச்சில் ஏறிவிட்டது, இனி என்ன செய்ய.

முகாமைக் கல்லூரி ஆக்குவது

‘கிரேட் லேக்ஸ் கல்லூரி’ என்று எழுதி அனுப்பியிருந்தார் ஒரு தம்பி. அது சிகாகோவுக்கு வடக்கே உள்ள கடற்படைப் பயிற்சித் தளம். இப்படிப்பட்ட முகாம் அணிகளில் பழைய கல்லூரி நட்சத்திரங்களும் தொழில்முறை ஆட்டக்காரர்களும் கலந்து ஆடினார்கள். 1943-இல் நோட்டர் டேம் பல்கலைக்கழகம் சீசனின் கடைசி ஆட்டத்தில் கிரேட் லேக்ஸிடம்தான் 19-14 என்று தோற்றது. ஆனாலும் ஏ.பி. முதலிடம் நோட்டர் டேமுக்கே. இரண்டாமிடம் ஐயோவா ப்ரீ-ஃப்ளைட், கடற்படை விமானிகளின் பயிற்சிப் பள்ளி. அதுவும் கல்லூரி இல்லை.

அந்த சீசனில் ஆறே ஆட்டம் ஆடிவிட்டு மரீன் படைக்குப் போன நோட்டர் டேமின் ஏஞ்சலோ பெர்ட்டெல்லிக்குச் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருது கிடைத்தது. மிச்ச ஆட்டங்களையும் அவர் தலையில் கட்டாதீர்கள். அவை அவர் இடத்தில் ஆடிய ஜானி லூஜாக்குடையவை.

பவுல் ஆட்டத்தின் வருஷம்

சீசன் முடிந்தபின் நடக்கும் சிறப்பு ஆட்டம்தான் பவுல். 1942 ஜனவரி 1 ரோஸ் பவுல், 1941 சீசனின் கணக்கு. நடந்த ஊரும் வழக்கமான பாசடீனா இல்லை, டர்ஹம்.

ஆடாத அணி

ஸ்டான்ஃபோர்ட் 1943-இல் அணியே இறக்கவில்லை. 0-0 என்று போடாதீர்கள்.

ஆட்டம் முடிந்தது என்று எழுந்துபோவது

1943, ஓஹையோ ஸ்டேட் - இல்லினாய். 26-26, நேரம் முடிந்தது. அணிகள் உடைமாற்றும் அறைக்குப் போய்விட்டன, கூட்டமும் கலைந்துகொண்டிருந்தது. ஆட்டத்தின் கடைசி நகர்வில் இல்லினாய் ஆஃப்சைடு (பந்து நகரும் முன்பே கோட்டைத் தாண்டிய தவறு) என்று நடுவர் கொடியை வீசியிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. சுமார் இருபது நிமிஷம் கழித்து இரண்டு அணிகளையும் திரும்பக் கூப்பிட்டார்கள். ஓஹையோவின் ஜான் ஸ்டங்கிஸ், கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து மூன்று புள்ளி எடுக்கும் ஃபீல்டு கோல் அடித்தார்: 29-26. என்னிடம் வந்த கட்டுரையில் அது இன்னும் டிராவாகவே இருக்கிறது.