அக்கினி நட்சத்திரத்தில் காய்கறித் தோட்டம்

தை மாதத்தில் நட்ட கத்தரியும் மாசியில் ஊன்றிய வெண்டையும் காய்ப்பில் இருக்கும்போதுதான் சேலத்தில் அக்கினி நட்சத்திரம் தொடங்குகிறது. மே 4-ஐ ஒட்டித் தொடங்கி ஏறத்தாழ 25 நாட்கள் நீடிக்கும் இந்தக் காலத்தில், புதிதாக எதையும் நடுவதைவிட இருக்கும் செடிகளின் வேரைக் குளிர்ச்சியாக வைத்திருப்பதே முதல் வேலை என்பதைக் கன்னங்குறிச்சியின் செம்மண்ணில் பல கோடைகளைக் கழித்த பிறகே உணர்ந்தேன்.

நண்பகலில் கத்தரி இலைகள் துவண்டு தொங்குவதைக் கண்டதும் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதில்லை. வேர் உறிஞ்சும் நீரைவிட இலை வழியே ஆவியாகும் நீர் அந்நேரத்தில் மிகுதியாக இருப்பதால்தான் செடி துவள்கிறது. பொழுது சாய்ந்ததும் தானாக நிமிர்ந்துவிட்டால் ஈரம் போதுமானது என்று பொருள். மறுநாள் காலையிலும் துவண்டே இருந்தால், ஆள்காட்டி விரலை இரண்டு அங்குல ஆழத்துக்கு மண்ணில் செருகிப் பாருங்கள். ஈரம் தட்டுப்படாவிட்டால் உடனே தண்ணீர் விட வேண்டும். ஈரம் இருந்தும் செடி வாடினால் அது பெரும்பாலும் வாடல் நோய். அந்தச் செடியை வேரோடு பிடுங்கி அப்புறப்படுத்துவதே மற்றவற்றுக்கு நல்லது.

தண்ணீரைக் காலை ஏழு மணிக்குள், வேர் நனையும் அளவுக்கு விட்டுவிட்டு, வைக்கோலையோ காய்ந்த மாவிலையையோ மூன்று அங்குல உயரத்துக்கு மூடாக்காகப் பரப்புங்கள். தண்டை ஒட்டி மட்டும் நான்கு விரல் இடைவெளி இருக்கட்டும்; இல்லையெனில் தண்டு அழுகும்.

தக்காளியில் பூ உதிர்வதைக் கண்டு உரத்தைக் கூட்டுவது வீண். பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் அது காய் பிடிக்கத் தடுமாறும். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டின் குளுமை நமக்கு வாய்க்காததால், பாதி வெயிலை மறைக்கும் நிழல்வலையைக் கட்டி, செடியை உயிரோடு வைத்திருந்தாலே போதும்.

பீர்க்கங்கொடியில் பிஞ்சு மஞ்சளாகிக் கருகுவதற்குப் பெரும்பாலும் மகரந்தம் சேராததே காரணம். பீர்க்கம்பூ மாலையில்தான் விரியும். அப்போது ஆண் பூ ஒன்றைப் பறித்து, இதழ்களைக் கிள்ளிவிட்டு, மஞ்சள் தூள் ஒட்டியிருக்கும் நடுப்பகுதியை, அடியில் சிறு பிஞ்சு கொண்ட பெண் பூவின் நடுவில் மெல்லத் தடவுங்கள். சில நாட்களில் பிஞ்சு பருக்கத் தொடங்குவதைப் பார்க்கும் மகிழ்ச்சி எனக்கு இன்றும் குறையவில்லை.

வெண்டையை ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்துவிடுங்கள். முற்றிய காய் செடியில் தங்கினால் புதுப் பூ குறையும். வெள்ளை ஈ தெரிந்தால், ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலுடன் கலந்து மாலையில் தெளிக்கலாம். கத்தரியில் நுனிக்குருத்து மட்டும் தலை சாய்ந்திருந்தால், அதைக் கிள்ளி நகத்தால் பிளந்து பாருங்கள்; உள்ளே தண்டுத் துளைப்பான் புழு இருக்கும். கிள்ளியதைத் தோட்டத்திலேயே போடாமல் அழித்துவிட வேண்டும்.

காய்த்து ஓய்ந்த கத்தரியைப் பிடுங்க மனம் வராதவர்கள் இந்த வெயிலில் அதை வெட்டாமல் பொறுத்திருங்கள். கோடை மழை இரண்டு முறை பெய்து மண் குளிர்ந்த பிறகு, வைகாசிக் கடைசியில் தரையிலிருந்து ஓர் அடி விட்டுக் கவாத்து செய்து, செடிக்கு இரண்டு கை மட்கிய தொழுவுரம் இட்டால், பக்கக் கிளைகள் வெடித்து ஆடியில் மீண்டும் பூவெடுக்கும்.