இரவுப் பால்புட்டியை நிறுத்திய விதம்
என் மகளுக்கு ஒன்றரை வயதானபோது, மேல்வரிசை முன்பற்களில் ஈறை ஒட்டிச் சுண்ணாம்புக் கோடு போன்ற வெண்மை தெரிந்தது. பால் கறைதான் என்று துணியால் துடைத்தேன், போகவில்லை. புட்டியை வாயில் வைத்தபடியே அவள் உறங்குவதுதான் காரணம் என்றும், உறக்கத்தில் உமிழ்நீர் குறைவதால் பாலின் சர்க்கரையைக் கிருமிகள் அமிலமாக்கிப் பல்லின் கடினமான மேலுறையான பற்சிப்பியை அரிக்கின்றன என்றும், கீழ்ப்பற்களை நாக்கு மறைத்துக் காத்துவிட்டது என்றும் பல் மருத்துவர் விளக்கினார்.

புட்டியை ஒரேயடியாகப் பிடுங்க எனக்கு மனம் வரவில்லை. ஆகவே இரவுப் பாலில் நாள்தோறும் சிறிது தண்ணீரைக் கூட்டி, 10 நாட்களில் வெறும் தண்ணீராக்கினேன். நான்காம் இரவு அழுது தீர்த்தாள், நானும் தூங்கவில்லை. பாலைக் கோப்பையில் முன்னதாகவே கொடுத்து, அரிசி மணியளவு ஃபுளோரைடு பற்பசையால் துலக்கிவிட்டுப் படுக்க வைத்தேன். மருத்துவர் ஃபுளோரைடு வார்னிஷ் என்னும் பற்காப்புப் பூச்சையும் பூசினார். 6 மாதங்களில் கோடு மங்கியது, குழி விழவில்லை.