வெள்ளைப் பாலெல்லாம் இறப்பர் அல்ல: திருமலை வறட்சியில் இறப்பர் எடுக்கும் முறை

களுத்துறை, கேகாலைப் பக்கத்து இறப்பர் மரத்துக்கு ஆண்டு முழுவதும் பரவலான மழை வேண்டும். திருகோணமலையில் மழையின் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் ஜனவரிக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். பிறகு கச்சான் காற்று மண்ணை வறுத்தெடுக்கும். இங்கே இறப்பர் வேண்டுமென்றால் வேறு செடியைத்தான் தேடவேண்டும். வருமானத்தை நம்பி இறங்கவேண்டாம். ஒரு மரம் ஒரு தடவையில் தருவது கிராம் கணக்கில்தான். பாடசாலைச் செயற்றிட்டத்துக்கும் வீட்டுப் பரிசோதனைக்கும் அது தாராளம்.

ஒடித்தால் பால் வடிகிற செடிக்கு நம் பக்கம் பஞ்சமில்லை. எருக்கு, கள்ளி, பலா, ஆல் எல்லாம் பால் தரும். ஆனால் பலாப்பழம் வெட்டிய கையில் தண்ணீர் விட்டுத் தேய்த்தாலும் போகாமல் பிசுபிசுக்கிறதே, அது பெரும்பாலும் பிசின். இறப்பர் காய்ந்தால் ஒட்டாது. இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். எருக்கம்பாலிலும் பிசினே மிகுதி, அதோடு கண்ணில் பட்டால் பார்வையையே பாதிக்கும். கள்ளிப்பாலும் அப்படித்தான். இவை இரண்டையும் விட்டுவிடுங்கள்.

எந்தப் பாலையும் முதலில் சோதியுங்கள். கண்ணாடித் தட்டில் மெல்லியதாக ஊற்றி நிழலில் காயவைத்து, உரித்து, 2 கிராம் நிறுத்து, பொடியாக நறுக்குங்கள். மூடியுள்ள கண்ணாடிப் போத்தலில் 50 மில்லிலீற்றர் அசற்றோன் விட்டு ஒரு நாள் ஊறவையுங்கள். வடித்துவிட்டுப் புது அசற்றோனில் இன்னொரு நாள். பிசின் கரைந்துபோகும், இறப்பர் கரையாது. காயவைத்து மறுபடி நிறுத்தால் குறைந்த எடைதான் பிசின். பாதிக்கு மேல் குறைந்தால் அந்தச் செடியோடு மினக்கெடாதீர்கள். அசற்றோன் ஆவி சட்டெனத் தீப்பற்றும். அடுப்பங்கரையில் வைத்துச் செய்யக்கூடாது.

இந்தச் சோதனையில் தேறுவது சியாரா இறப்பர் மரம். மரவள்ளிக்குச் சொந்தக்காரன், இலையும் அதே மாதிரி விரல் விரலாகப் பிரிந்திருக்கும். வெளிப்பட்டை கடதாசி போலச் சுருண்டு உரியும். பிரேசிலின் வறண்ட வடகிழக்கிலிருந்து வந்த இனம் என்பதால் நம் கோடை இதற்குப் புதிதல்ல. 1880களில் இலங்கையில் இதைத் தோட்டமாகவே நட்டார்கள். கிடைத்த பால் குறைவென்று பிறகு கைவிட்டார்கள். 30 முதல் 45 சென்ரிமீற்றர் நீளத் தடியை ஒக்டோபர் முதல் மழையோடு ஊன்றினால் வேர்பிடிக்கும். இடைவெளி 3 மீற்றர் போதும். கிளை மிகவும் முறுகல், வாடைக் காற்றில் முறியும். மதில் மறைவிலோ தென்னை வரிசைக்கு உள்ளேயோ நடுங்கள். விதைத்தால் ஓட்டின் நுனியை அரத்தால் தேய்த்துவிட்டு விதைக்கவேண்டும், இல்லாவிட்டால் முளைக்க மாதக்கணக்காகும்.

இறப்பர்க்கொடி என்று ஒன்று உண்டு, ஊதாநிறப் பூவும் கொம்பு போன்ற இரட்டைக் காயும் உடையது. அதன் பாலிலும் நல்ல இறப்பர் இருக்கிறது. ஆனால் ஆடு மாடு தின்றால் செத்துப்போகும், அவுஸ்திரேலியாவில் காடாகவே படர்ந்து பெருந்தொல்லையாகிவிட்டது. நடவேண்டாம். மெக்சிக்கோப் பாலைநிலத்துக் குவாயூலே செடியின் இறப்பர் பட்டைக் கலங்களுக்குள் அடைபட்டிருக்கும், கீறினால் வடியாது, செடியையே அரைக்கவேண்டும். மாரியில் நீர் தேங்கும் மண்ணில் அது அழுகியும்விடும்.

பால் எடுக்க ஏற்ற காலம் பெப்ரவரி, மார்ச்; மழை விட்டு, மண்ணில் ஈரம் மிஞ்சியிருக்கும். இலை உதிர்ந்து புதுத்துளிர் விடும்போது மரத்தைத் தொடாதீர்கள். தண்டின் விட்டம் 15 சென்ரிமீற்றராவது இருக்கட்டும். விடியுமுன் தொடங்கி, வெயில் ஏறுமுன் முடித்துவிடவேண்டும். வெயில் ஏறினால் பால் ஓடாது.

சியாராவின் பால் சிரட்டை வரை ஓடி வராமல் பட்டையிலேயே உறைந்துவிடும். வழமையான சாய்வுக் கீறல் இதனால்தான் இங்கே ஏமாற்றும். ஒரு நூற்றாண்டுக்கு முன் கிழக்காபிரிக்கத் தோட்டங்களில் அந்தக் குணத்தையே வசதியாக்கிக்கொண்டார்கள். கடதாசிப் பட்டையை மட்டும் உரித்து, உள்ளே தெரியும் பச்சைத் தோலில் தேசிக்காய்ச் சாற்றைச் சீலையால் பூசுங்கள். ஈரம் காயுமுன் ஒரு விரலகலக் கத்தி நுனியால், 10 சென்ரிமீற்றருக்கு ஒன்றாகக் குத்திக்கொண்டு போங்கள். கத்தி மரக்கட்டையைத் தொடக்கூடாது. தொட்டால் அந்த இடம் முண்டாகி அடுத்த முறை பால் தராது. வெள்ளைப் பால் புளியில் பட்டதும் தயிர் திரிவதுபோலத் திரிந்து இழையாகும். சில நிமிடத்தில் மேலிருந்து கீழாக உரித்தால் நாடாப்போல வரும்.

பழைய முறையில் இதை உருண்டையாகச் சுற்றுவார்கள். அப்படிச் செய்யாதீர்கள். இந்தப் பாலில் புரதம் அதிகம். உருண்டைக்குள் அடைபட்ட ஈரம் இரண்டே நாளில் நாறத் தொடங்கும். நாடாக்களை உடனே ஒன்றன்மேல் ஒன்றாகப் பரப்பி, போத்தலால் உருட்டி 3 மில்லிமீற்றர் தட்டையாக்கி, ஐந்தாறு தண்ணீரில் அலம்புங்கள். கரையோரக் கிணற்றின் உவர்நீர் ஆகாது. தங்கிய உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துத் தகட்டைப் பூஞ்சணம் பிடிக்கவைக்கும். மழைநீர் சேர்த்து வைத்திருந்தால் அதுவே சிறந்தது. பித்தளை, செம்புப் பாத்திரமும் கூடாது, செம்பின் சிறு துகள் பட்டாலும் இறப்பர் நாளடைவில் இளகிப் பசையாகும்.

பாலாகவே சேர்ந்தால் வடிகட்டி, சம அளவு மழைநீர் கலந்து, கலவை 1 லீற்றருக்கு 50 மில்லிலீற்றர் என்ற கணக்கில் 1 வீதப் போமிக் அமிலம் விட்டுக் கிளறுங்கள். 85 வீத அமிலம் 10 மில்லிலீற்றரை 990 மில்லிலீற்றர் தண்ணீரில் விட்டால் அந்தக் கரைசல் கிடைக்கும். எப்போதும் தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்றவேண்டும், கையுறையும் கண்ணாடியும் அவசியம். மறுநாள் காலை கட்டி பிரிந்து, அடியில் தெளிந்த நீர் நிற்கவேண்டும். நீர் இன்னும் பாலாகவே இருந்தால் அமிலம் போதவில்லை. அளவுக்கு மிஞ்சினால் தகடு காய நாளெடுக்கும்.

வெயிலில் மட்டும் போடாதீர்கள், மேற்பரப்பு பிசுபிசுத்துவிடும். காற்றோட்டமான நிழலில் ஒரு கிழமை முதல் பத்து நாள் தொங்கவிடுங்கள்; பொச்சுமட்டைப் புகை கொஞ்சம் காட்டினால் பூஞ்சணம் அண்டாது. பின்பு வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அது ஈரம், மறுபடி தொங்கவேண்டும். தகடு முழுவதும் தேன் நிறத்தில் ஊடுருவித் தெரிந்தால் காய்ந்துவிட்டது.