டவர் வேண்டாம் என்று மனு எழுதுகிறவர்கள் செய்யும் தவறுகள்

போன வாரம் என் டிடிபி கடைக்கு நான்கு பேர் ஒரு மனுவோடு வந்தார்கள். கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைக்கு அந்தப் பக்கம், மாவு மில்லும் பேக்கரியும் அங்கன்வாடியும் தோளுரசி நிற்கும் இடத்தில் செல்போன் டவர் வரப்போகிறதாம். முதல் வரியைப் படித்ததும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. "கதிர்வீசால் எங்கள் குழந்தைகளுக்குப் புற்றுநோய் வரும்." எட்டு வருடத்துக்கு முன் எங்கள் தெருவுக்காக நான் தட்டச்சு செய்த மனுவின் முதல் வரி அது. விட்டுப்போன ஒற்றெழுத்துகூட அப்படியே இருந்தது. யாரோ நகல் எடுத்துச் சுற்றில் விட்டிருக்கிறார்கள்.

தேதி போட மறப்பது, நகல் வைத்துக்கொள்ளாதது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவற்றை மனு வாங்கும் குமாஸ்தாவே சொல்லிவிடுவார்.

புற்றுநோயை மட்டும் நம்பிப் போவது

அன்று பத்தொன்பது கடைக்காரர்கள் தலைக்கு இரண்டாயிரம் போட்டோம். முப்பத்தெட்டாயிரம் ரூபாய், வக்கீலுக்கும் போக்குவரத்துக்குமாகக் கரைந்தது. மனு பதினான்கு பக்கம். அதில் பதின்மூன்று பக்கம் கதிர்வீச்சு.

விசாரணை நாளில் எதிர்த்தரப்பில் மீசை அரும்பிய ஒரு பொறியாளர் வந்தார். அதிகம் பேசவில்லை. ஒரு தாளை மேஜையில் வைத்தார். 2012 செப்டம்பர் 1 முதல் இந்தியாவின் கதிர்வீச்சு வரம்பு, சர்வதேச வரம்பில் பத்தில் ஒரு பங்கு. 900 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்குச் சதுர மீட்டருக்கு 0.45 வாட். அதே வகை டவர் ஒன்றின் அடியில் அளந்த அளவு அதற்கும் வெகுவாகக் கீழே இருந்தது. ஆன்டெனா கலங்கரை விளக்கம் போலப் பக்கவாட்டில் வீசுகிறது, நேர் அடியில் குறைவாகத்தான் விழும் என்று இரண்டு வாக்கியத்தில் முடித்துக்கொண்டார்.

எங்கள் கையில் ஒரு துருப்புச்சீட்டு இருப்பதாக நினைத்திருந்தோம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2011-இல் இந்த அலைகளை 'புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியம் உள்ளவை' என்ற 2பி பிரிவில் வைத்தது. அந்த வரிக்குச் சிவப்பு மையில் அடிக்கோடு போட்டிருந்தேன். அவர்களுடைய வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அதே பிரிவில் ஊறுகாயும் இருக்கிறது, தெரியுமா?" என்றார். எங்கள் மனுவின் முதல் கையெழுத்து ஊறுகாய் வியாபாரியுடையது. அறையே சிரித்தது. பட்டியலில் இருப்பது சீனா, ஜப்பான் பக்கத்து முறையில் ஊறப்போடும் காய்கறி என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அன்று வாயடைத்து உட்கார்ந்திருந்தேன்.

தோற்றதைக்கூட மறந்துவிடலாம். இன்றுவரை எரிச்சல் தருவது அந்தப் பதினான்காவது பக்கத்துக்குப் பின்னால் நானே பின் அடித்து வைத்த டவர் பிளான்தான். அதை நாங்கள் யாரும் விரித்துப் பார்க்கவே இல்லை. டவருக்கான ஜெனரேட்டர் மேடை எங்கள் தெரு அங்கன்வாடியின் சமையலறைச் சுவரை ஒட்டி வரையப்பட்டிருந்தது. ஜெனரேட்டர் கூண்டிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நின்றால் 75 டெசிபலுக்கு மேல் கேட்கக் கூடாது என்பது சட்டம். நண்பகலில் மின்சாரம் போய் அது ஓடினால், சுவருக்கு அந்தப் பக்கம் பாயில் தூங்கும் குழந்தைகளின் கதி என்ன? டீசல் புகை எந்த ஜன்னல் வழியாகப் போகும்? இதையெல்லாம் விட, மில்லுக்கு லாரி வரும் பொதுச் சந்தின் ஒரு பகுதியையும் மனையோடு சேர்த்து வரைந்திருந்தார்கள். கேரளப் பஞ்சாயத்து கட்டட விதிகளில் டவர்களுக்கென்றே தனி அத்தியாயம் இருக்கிறது. எல்லையிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்பதெல்லாம் அதில்தான். அங்கே கேட்டிருந்தால் அந்தப் பொறியாளர் இரண்டு வாக்கியத்தில் முடித்திருக்க முடியாது. டவர் எழும்பி ஆறு மாதம் கழித்து, பழைய காகிதங்களைக் கட்டும்போதுதான் பிளானை விரித்தேன்.

குழந்தைகளைப் பற்றிப் பேசாதீர்கள் என்று சொல்லவில்லை. சத்தம், புகை, வேலியில்லாத டீசல் தொட்டி ஆகியவற்றைச் சொல்லிப் பேசுங்கள். அதற்கு அவர்கள் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

பஞ்சாயத்து தீர்மானம் போட்டால் முடிந்தது என்று நினைப்பது

முடியாது. உடல்நலம் குறித்த அச்சத்தை மட்டும் வைத்து டவரைத் தடுக்க முடியாது என்று கேரள உயர்நீதிமன்ற அமர்வு 2006-லேயே சொல்லிவிட்டது.

ராஜஸ்தான் தீர்ப்பு

2012-இல் பள்ளி, மருத்துவமனைகளிலிருந்து டவர்களை அகற்றச் சொன்ன ராஜஸ்தான் உயர்நீதிமன்றத் தீர்ப்பு. எல்லோரும் நகல் கொண்டுவருகிறார்கள். இது பாலக்காடு, வேறு மாநில உயர்நீதிமன்றத் தீர்ப்பு இங்கே கட்டுப்படுத்தாது.

பழைய விதியை மேற்கோள் காட்டுவது

டவர், கேபிள் அமைக்க இடம் தருவது பற்றிய மத்திய அரசின் 2016 விதி போய், 2025 ஜனவரி 1 முதல் புதியது நடைமுறையில் இருக்கிறது.

அறிவிப்பை வாசிக்காமல் விடுவது

எங்கள் பகுதிக்கென்றே உள்ள தவறு இது. அறிவிப்பு மலையாளத்தில் ஒட்டப்படுகிறது. நம்மில் பாதிப் பேர் தமிழ் வழியில் படித்தவர்கள். பலகையைத் தாண்டிப் போய்விடுகிறோம், கம்பி கட்டும்போதுதான் விழிக்கிறோம். மலையாளம் வாசிக்கத் தெரிந்த பிள்ளையை வாரம் ஒருமுறை அனுப்புங்கள், ஒரு பன் வாங்கிக் கொடுத்தால் போகும். மனுவைத் தமிழிலேயே எழுதலாம். 1969-ஆம் ஆண்டு கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினருக்கு அந்த உரிமையைத் தந்திருக்கிறது.

அளக்காமல் பேசுவது

ஏற்கெனவே நிற்கும் டவர் மீது சந்தேகமா? மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் 'தரங் சஞ்சார்' இணையதளத்தில் நான்காயிரம் ரூபாய் கட்டினால் அளந்து தருவார்கள். அடிவாரத்தில் அளக்கச் சொல்லாதீர்கள். ஆன்டெனாவுக்கு நேர் எதிரே, அதே உயரத்தில் மொட்டை மாடி ஏதாவது இருந்தால் அங்கே அளக்கச் சொல்லுங்கள்.

டவரே கூடாது என்று நிற்பது

சிக்னல் மங்கினால் கைப்பேசி தன் சக்தியைக் கூட்டிக்கொள்ளும். அது இருப்பது பிள்ளையின் காதோரம். கடையில் பணம் வாங்கும் செயலி வேலை செய்யவில்லை என்று திட்டுவதும் நாம்தானே? இங்கே வேண்டாம், அந்தத் தென்னந்தோப்பில் வையுங்கள் என்று இடத்தைக் காட்டுங்கள்.

நிலத்துக்காரரோடு சண்டை

வேண்டாம்.

வந்த நால்வரிடமும் பிளான் எங்கே என்று கேட்டேன். ஒருவர் பையிலிருந்து எடுத்தார். மடிப்புகூடக் கலையாமல் இருந்தது. கடையைப் பூட்டிவிட்டு டேப்போடு கிளம்பினோம். அங்கன்வாடி ஆயா ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். பிளானில் சந்தின் அகலம் மூன்று மீட்டர் அறுபது. டேப்பில் இரண்டு மீட்டர் தொண்ணூறு. "அண்ணா, இன்னொரு தடவை அளக்கலாமா?" என்றார் மில்காரர், குரலைத் தாழ்த்தி.